கோரைக்குளத்து மனு

தைரியராஜ் அண்ணன் பேச்சு வந்தாலே, "தவளை மேல அவ்வளவு பாசம் வச்சிருக்குற மனுஷன்" என்று உச்சுக் கொட்ட இப்போது நாலு பேர் இருக்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் எரிச்சல்தான் வரும். பாசமாவது கீசமாவது. இருபத்திரண்டு வருஷம் அந்த மனுஷன் கோரைக்குளத்துத் தவளைகளைச் சாக்கில் கட்டி, சைக்கிள் கேரியரில் வைத்து எங்கள் காலேஜுக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். வாங்கித் தொட்டியில் விட்டவள் நான். மறுநாள் ஒவ்வொன்றாக எடுத்து மயக்க மருந்து பாட்டிலுக்குள் போட்டு, தட்டில் மல்லாக்கப் படுக்கவைத்துக் குண்டூசி குத்தியவளும் நான்தான். விலங்கியல் லேப் அட்டெண்டர் மலர்க்கொடி என்றால் திருச்சியில் பாதி டாக்டர்களுக்கு என் முகம் தெரியும். அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் யாரும் புனிதர் பட்டம் கொடுக்க வேண்டாம்.

அண்ணன் வீடு அரியமங்கலம் தாண்டி, தஞ்சாவூர் ரோட்டிலிருந்து உள்ளே போகிற பாதையில் இருக்கிறது. அவரும் ரோசம்மாள் அண்ணியும் மட்டும்தான். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கோரைக்குளம். குளம் என்றதும் தாமரையும் படித்துறையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். அது ஒரு பெரிய பள்ளம், அவ்வளவுதான். நாலு பக்கமும் கரை சரிவாக இறங்கும். ஓரமெல்லாம் முழங்கால் தண்ணீர், அதில் ஆள் உயரத்துக்குக் கோரை. பங்குனியில் வற்றி வெடித்துக் கிடக்கும். எருமைகூட மதிக்காது. ஆனால் மஞ்சத் தவளைக்கு அப்படிப்பட்ட இடம்தான் வேண்டும். முட்டையிட ஓரத்தில் கொஞ்சமாகத் தண்ணீர், ஏறி உட்காரச் சரிவு, கோடையில் புதைந்துகொள்ளச் சேறு.

மஞ்சத் தவளை என்று நாங்கள் சொல்வது உள்ளங்கைக்கு அடங்காத நாட்டுத் தவளை. வருஷமெல்லாம் பாசி நிறத்தில் இருக்கும். முதல் பெருமழை விழுந்ததும் ஆண் தவளைகள் எல்லாம் எலுமிச்சம்பழ நிறத்துக்கு மாறிவிடும். கன்னத்தில் இரண்டு பக்கமும் நீலப் பை புடைக்கும். பட்டப்பகலில், மழைத் தண்ணீரில் உட்கார்ந்து கத்தும் பாருங்கள், ரோட்டில் போகிற லாரி சத்தம் கேட்காது.

அந்த ஒரு மாதம் மட்டும் அண்ணன் குளத்தில் கை வைக்க மாட்டார். எங்கள் புரொபசர் எத்தனை தடவை சொல்லியனுப்பினாலும் வர மாட்டார்.

"கல்யாண வீட்டுல பூந்து மாப்பிள்ளையத் தூக்குற மாதிரி இருக்கும் தங்கச்சி. அடுத்த மாசம் தரேன்னு சொல்லிடுங்க."

"ஆமா, அடுத்த மாசம் தூக்குனா மட்டும் மாப்பிள்ளை சந்தோஷமா வருவானாக்கும்" என்பேன். சிரித்துக்கொண்டே டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்.

காலேஜ் ஜூனில் திறக்கும், மழையோ ஆவணியில்தான் வரும். அதனால் ஜூன் சாக்கு எப்போதும் தோண்டி எடுத்த சாக்குதான். வெடித்த களிமண்ணில் எந்தக் கோரைத் தூருக்குக் கீழே தவளை தூங்குகிறது என்பது அவர் குதிகாலுக்குத் தெரியும். மிதித்துப் பார்த்தே சொல்லிவிடுவார். அந்த வித்தை திருச்சி ஜில்லாவில் வேறு யாருக்கும் தெரியாது என்று அவருக்கு ஒரு கர்வம். எழுதப் படிக்கத் தெரியாத குறையை அதை வைத்துத்தான் ஈடுகட்டிக்கொள்வார். கையெழுத்து மட்டும் போடுவார், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்தி.

அப்புறம் ஒரு ஜூனில், இனிமேல் காலேஜில் தவளை அறுக்கக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. அண்ணனுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். அவர் பாட்டுக்குச் சாக்கோடு வந்து லேப் வாசலில் நின்றார். புதிதாக வந்திருந்த டிபார்ட்மெண்ட் ஹெட், "அதையெல்லாம் வெளிய எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அண்ணன் சாக்கைத் திரும்பக் கேரியரில் வைத்தார். சாக்கைக் குழாய்த் தண்ணீரில் நனைக்கப் போன என்னைத் தடுத்தார். அதில் குளோரின் இருக்குமாம். பாட்டிலில் கொண்டுவந்திருந்த குளத்துத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு திரும்பப் போனார். அத்தனையையும் எடுத்த இடத்திலேயே புதைத்துவிட்டு வந்ததாகப் பிறகு சொன்னார். வாழ்க்கையில் அவர் திருப்பிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு அரியமங்கலத்திலேயே ஒரு பட்டறையில் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார். எங்களுக்குள் தொடர்பு விடவில்லை. ஒவ்வொரு வருஷமும் முதல் மழைக்கு எனக்கு போன் வரும். எடுத்தால் பேச மாட்டார். குளத்துப் பக்கம் போனை நீட்டிப் பிடிப்பார். ஸ்ரீரங்கத்தில் என் அடுப்படியில் கோரைக்குளம் கத்தும்.

"கேட்டுச்சா தங்கச்சி? இந்த வருஷமும் இருக்குதுங்க. நான் தின்னது போக மிச்சம் இருக்குது."

"இருக்கட்டும், வைங்கண்ணே, பால் பொங்குது" என்பேன். ஆனால் வைக்க மாட்டேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தும் கேட்டுக்கொண்டு நின்ற வருஷம் உண்டு. இப்போது சொல்வதற்கென்ன, அந்தச் சத்தம் எனக்கும் வேண்டியிருந்தது. செய்த பாவத்துக்குக் கணக்குத் தீர்ந்துவிடவில்லை, ஆனாலும் அவை இருக்கின்றன என்ற ஆறுதல்.

வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் வடிந்து ஸ்ரீரங்கம் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒரு தை மாதம், அண்ணன் என் வீட்டுக்கே வந்துவிட்டார். குளத்தில் கோழிக் கழிவைக் கொட்டுகிறார்கள் என்றார். இடித்த கட்டடக் கல்லையும் ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிவிட்டுப் போகிறார்களாம். கிழக்கு ஓரம் மூடியே போய்விட்டதாம்.

"குப்பைய அள்ளச் சொல்லி, இனிமே கொட்டாமப் பாத்துக்கச் சொல்லி ஒரு மனு எழுதுங்க தங்கச்சி. வேற ஒண்ணும் வேணாம்."

மனு எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. எங்கள் தெருவில் முதியோர் பென்ஷன், பட்டா, தெருவிளக்கு எல்லாம் என் கையால்தான் போகும். முப்பது வருஷம் சர்க்குலர் படித்துப் படித்து வந்த பாஷை. அதில் நான் கண்ட பாடம் ஒன்று இருக்கிறது: யானையைக் கேட்டால்தான் பூனையாவது கிடைக்கும். குப்பை அள்ளுங்கள் என்று எழுதினால் அந்தத் தாளே குப்பைக்குப் போகும். பெரிதாகக் கேட்க வேண்டும். அப்போதுதான், "இவ்வளவு முடியாது, குப்பையை மட்டும் அள்ளிவிடுகிறோம்" என்று இறங்கி வருவார்கள்.

ஆகவே எழுதினேன். குப்பையைப் பற்றி முதல் பத்தி. இரண்டாவது பத்தியில், "மேற்படி குளத்தைத் தூர் வாரி ஆழப்படுத்தி, நான்கு புறமும் கருங்கல் தடுப்புச்சுவர் எழுப்பி, சுற்றிலும் நடைபாதை, கைப்பிடிக் கம்பி, மின்விளக்கு அமைத்துப் பொதுமக்கள் பயன்பாட்டுக்குக் கொண்டுவருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்." எழுதும்போது கை தானாக ஓடியது. நல்ல மனு என்று எனக்கே ஒரு மிதப்பு.

"தவளையப் பத்தி ஒரு வார்த்தை போட்டீங்களா?"

"தவளைன்னு போட்டா சிரிச்சுட்டு ஓரமா வச்சிருவாங்கண்ணே."

"சரி, படிங்க கேப்போம்."

முதல் பத்தியைப் படித்தேன். உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. "மீதியெல்லாம் பணிவுடன் வேண்டுகிறேன், இப்படிக்கு, அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டேன். இதில் சூது எதுவும் இல்லை. சோறு குழைந்துவிடும் என்ற அவசரம்தான். ஆனால் அடுப்பை அணைக்க எத்தனை நொடி ஆகும்? அண்ணன் பேனாவை வாங்கி, நிறுத்தி நிறுத்தித் தன் பெயரைப் போட்டார். அடுத்த திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிவந்து எனக்குக் காட்டினார்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கோரைக்குளத்துத் தவளை என் கையால் கெட்டது.

பதினாறு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. போன வருஷம் கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"தங்கச்சி, குளத்துக்கு மிஷின் வந்துருச்சு. ஒரு அறக்கட்டளை எடுத்துச் செய்யுதாம். நம்ம மனுதான்."

"பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்று எனக்கு வாயெல்லாம் பல்.

"இப்ப வரக் கூடாது தங்கச்சி. எல்லாம் கீழ தூங்குதுங்க."

பஸ் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது கரை மேல் இரண்டு ஜேசிபி நின்றன. அண்ணன் ஒரு பையனோடு பேசிக்கொண்டிருந்தார். பையன் என்றால் முப்பது வயது இன்ஜினியர், அரவிந்தன் என்று பெயர். கெட்டவன் இல்லை. அண்ணன் பேசுவதை நின்று கேட்டான், அதுவே பெரிசு.

"மழை விழுந்ததும் எந்திரிச்சு அதுங்களாவே வெளிய வந்துரும் தம்பி. அதுவரைக்கும் பொறுங்க."

"மழை விழுந்தா மிஷின் இறங்காதுங்கய்யா. ஜூன் பத்துக்குள்ள வெட்டு வேலை முடியணும். இல்லன்னா நிதி திரும்பிப் போயிரும். வேணும்னா ஒண்ணு செய்யறேன். வடக்கு மூலையக் கடைசியா வச்சுக்கறேன். மூணு நாள் டைம் இருக்கு. எடுக்க முடிஞ்சத எடுத்துக்கங்க."

அன்று மத்தியானமே அண்ணன் மண்வெட்டியோடு இறங்கிவிட்டார். அறுபத்தேழு வயது. முன்பெல்லாம் கொல்ல எடுத்ததை இப்போது காப்பாற்ற எடுத்தார், வித்தை ஒன்றுதான். குதிகாலால் மிதிப்பார், நிற்பார், மேல் கட்டியை மட்டும் பெயர்ப்பார், மீதியைக் கையால் தோண்டுவார். இருபத்திரண்டு வருஷம் சாக்கை வாங்கியவள், தோண்டுவதை அன்றுதான் பார்த்தேன். ஒன்றரை முழம் கீழே, வெளியில் இத்தனை நெருப்பிருந்தும், கைக்குச் சில்லென்று ஈரம். அதில் காலை மடக்கிக்கொண்டு, கண்ணை மூடி, மண்ணோடு மண்ணாக ஒரு தவளை. செத்தது என்றே நினைத்தேன். உள்ளங்கையில் வைத்ததும் தொண்டை மெல்ல அசைந்தது.

மூன்று நாளில் நூற்றுப் பதினெட்டு. நான் ஈரச் சாக்கைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். மூன்றாம் நாள் அவர் விரல் நுனியெல்லாம் ரத்தம். "போதும்ணே" என்றால், "இந்த ஒரு தூரு" என்பார். அப்போதாவது சொல்லியிருக்கலாம், மனுவில் நான் என்னென்ன எழுதினேன் என்று.  சாக்கை நனைக்கத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டேன்.

நாலாம் நாள் காலையில் வடக்கு மூலையில் மிஷின் இறங்கியது. முதல் வாளி மண் எழும்பியதும், எங்கிருந்தோ கொக்கும் காக்கையும் வந்து குவிந்தன. அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. லேப்பில் ஆயிரக்கணக்கில் அறுத்துப் பார்த்தவள் நான். அங்கே நிற்க முடியாமல் வேலியோரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அண்ணன் மட்டும் சாயங்காலம்வரை நின்றார். அரைகுறையாகக் கிடந்தவற்றைக் கொத்தவிடாமல் காக்கைகளை விரட்டிக்கொண்டே இருந்தார். லாரி மண்ணை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது.

நூற்றுப் பதினெட்டும் அண்ணன் வீட்டு சிமெண்ட் தொட்டியில் குளத்துச் சேற்றோடு இருந்தன. துணி துவைக்கிற தொட்டி. ரோசம்மாள் அண்ணி ஐந்து மாதம் பக்கத்து வீட்டில் போய்த் துவைத்தார். "கல்யாணமான நாள்லேர்ந்து இந்த மனுஷன் மேல தவளை நாத்தம்தான். இனிமே வீட்டுக்குள்ளயுமா" என்று திட்டிக்கொண்டே, தினமும் தொட்டிச் சாக்கை நனைத்ததும் அவர்தான். ஒரு தடவை தோண்டிவிட்டால் அந்தத் தூக்கம் திரும்ப வராதுபோல. பாதி விழித்துக்கொண்டன. பசி எடுத்தால் இந்தச் சாதி தன் இனத்தையே விழுங்கும். அண்ணன் ஈசலும் மண்புழுவும் தேடித் தேடிப் போட்டார். போதவில்லை. ஐப்பசி பிறந்தபோது மிஞ்சியது நாற்பத்தொன்று.

அதற்குள் குளம் அடையாளமே தெரியாமல் மாறிவிட்டது. நாலு பக்கமும் செங்குத்தாகக் கருங்கல் சுவர், இரண்டு ஆள் ஆழம். மேலே கைப்பிடிக் கம்பி, கலர் கல் பதித்த நடைபாதை, உட்காரப் பெஞ்சு. குழந்தைகள் இறங்கிவிடக் கூடாது என்று படிகூட வைக்கவில்லை. கோரை ஒரு தூர்கூட இல்லை. சுவர் எழும்பும்போதே அண்ணன் அரவிந்தனிடம் கெஞ்சினார்.

"ஒரு பக்கமாச்சும் சரிவா விடுங்க தம்பி. தவளைக்கு ஏற எறங்க வழி வேணும்."

"டிசைன் மேலேர்ந்து வந்ததுங்கய்யா, நான் மாத்த முடியாது."

பக்கத்தில் நின்ற நான் கருங்கல் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி நடுவில் பெருமழை பிடித்தது. குளத்தில் பாதிக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. தொட்டியில் தினமும் ஒன்றிரண்டு குறைந்துகொண்டிருந்தது. சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் நின்ற மற்ற இடமெல்லாம் பிளாட் போட்ட இடம். வேறு வழி இல்லாமல் அண்ணன் அவற்றைக் கொண்டுபோய்க் குளத்தில் விட்டார். "பொறந்த தண்ணி, எப்படியாச்சும் பொழச்சுக்கும்" என்றார்.

மூன்றாம் நாள் திறப்பு விழா. மனு கொடுத்தவர் என்று அண்ணனுக்கு மேடையில் நாற்காலி. நான் முன் வரிசையில். விழாவுக்கு முன்பே சுவரோரம் எட்டிப் பார்த்தேன். தவளை நீந்தும், ஆனால் ஓயாமல் நீந்தாது. ஏறி உட்கார்ந்து இளைப்பாற ஒரு பிடி மண் வேண்டும். சுவரைச் சுரண்டிச் சுரண்டி வழுக்கி விழுந்துகொண்டிருந்தன. அதில் இரண்டு மூன்று மஞ்சளாகக்கூட மாறியிருந்தன. ஒரு மூலையில் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தவற்றை, வி.ஐ.பி. வருவதற்குள் ஓர் ஆள் வலையால் அள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அப்புறம் அறக்கட்டளைக்காரர் மைக்கைப் பிடித்து, "ஒரு எளிய மனிதரின் கனவு இது. அவர் எழுதிய வரிகளை அப்படியே வாசிக்கிறேன்" என்று ஒரு தாளை எடுத்தார். நான் என் கையால் எழுதிய தாள்.  அவர் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். "தூர் வாரி ஆழப்படுத்தி, நான்கு புறமும் கருங்கல் தடுப்புச்சுவர் எழுப்பி..." கேட்டதெல்லாம் கிடைத்திருந்தது. ஒரு கம்பி, ஒரு விளக்கு குறையவில்லை.

அண்ணன் முதலில் அந்தத் தாளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். தன் பேரில் இன்னொருத்தர் கேட்ட பொருளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவர்போல் பார்த்தார். கூட்டம் கை தட்டியது.

எல்லாரும் சாப்பாட்டுப் பந்தலுக்குப் போனதும் அவர் மேடையிலிருந்து இறங்கி நேராகக் கம்பியோரம் வந்தார். பொன்னாடையைக் கழற்றி ஒரு முனையைக் கம்பியில் முடிந்து, மறுமுனையைத் தண்ணீரில் விட்டார். ஒரு தவளை அதைத் தொற்றி ஒரு முழம் ஏறியது. வழுக்கி விழுந்தது. மறுபடியும் ஏறியது, மறுபடியும் விழுந்தது.

"அண்ணே, அது வந்து, நான் என்ன நெனச்சேன்னா..."

"ஜரிகை வழுக்குது தங்கச்சி. சாக்கு இருந்தா எடுத்துட்டு வாங்க."

பந்தலில் வெங்காயச் சாக்கு நாலு வாங்கிவந்தேன். சுற்றிலும் கட்டினோம். அதைப் பிடித்து எத்தனை ஏறியதோ, ஏறி எந்த ரோட்டில் அடிபட்டதோ தெரியாது. மறுநாள் காலையில் பார்த்தால், அசிங்கமாக இருக்கிறது என்று சாக்கையெல்லாம் அவிழ்த்துப் போட்டிருந்தார்கள். பொன்னாடையை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இந்த வருஷம் ஆவணியிலேயே நல்ல மழை. எனக்குப் போன் வரவில்லை. பால் பொங்கும்வரை அடுப்படியில் நின்று பார்த்தேன், மறுநாளும் நின்றேன். மூன்றாம் நாள் நானே கிளம்பிப் போனேன். குளம் முட்டத் தண்ணீர். மழையிலும் குடை பிடித்துக்கொண்டு இரண்டு பேர் நடைப்பயிற்சி போனார்கள். அவர்கள் செருப்புச் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். 

"ஒரு மனு எழுதணும் தங்கச்சி" என்றார் அவராகவே. "வடக்கு மூலையில பத்தடி சொவர எடுத்துட்டு மண்ணச் சரிச்சு விடணும். வேற ஒண்ணும் வேணாம்."

பையில் தாளும் பேனாவும் எப்போதும் இருக்கும். குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுதினேன். அவர் சொன்ன இரண்டு வரி. அதற்கு மேல் ஒரு வார்த்தை, ஒரு "பணிவுடன்" கூடச் சேர்க்கவில்லை. இந்தத் தடவை தவளை என்று எழுதினேன். உரக்கப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவையும் படித்தேன். பேனாவை நீட்டினேன்.

அண்ணன் பேனாவை வாங்கவில்லை. தாளை வாங்கி, நனையாமல் நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். முகத்தில் கோபமோ வருத்தமோ எதுவும் இல்லை. எப்போதும்போல மெதுவாகத்தான் சொன்னார்.

"பக்கத்து வீட்டுப் புள்ள ஸ்கூல் விட்டு வந்துரும் தங்கச்சி. அதுகிட்ட ஒரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுக் கையெழுத்துப் போட்டுக்கறேன்."

"சரிண்ணே" என்றேன்.